ஒரு குடை, இரண்டு நீதிபதிகள்

ஆர்லன் டீக் கெட்ட மனிதர் இல்லை. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொன்னால் நீங்கள் என்னைத்தான் சந்தேகப்படுவீர்கள். தேர்தல் இல்லாத ஆண்டுகளில் அவரைப் போன்ற நீதிபதி எங்கள் மாநிலத்தில் கிடையாது. போலீஸ்காரன் சொல்லும் பொய்யை முதல் பக்கத்திலேயே மோப்பம் பிடித்துவிடுவார். நாதியற்றவன் பென்சிலால் கிறுக்கி அனுப்பிய மனுவைக்கூட வரி விடாமல் படிப்பார். தேர்தல் வரும் ஆண்டில் மட்டும் அந்த ஆள் எங்கோ காணாமல் போய்விடுவார். அவருடைய அங்கியைப் போட்டுக்கொண்டு வேறொருவர் வந்து உட்காருவார்.

எங்கள் மாநிலத்துக்கென்று உள்ள உச்ச நீதிமன்ற நாற்காலிக்கும் ஜனங்களிடம் ஓட்டு வாங்கித்தான் வர வேண்டும். ஆறு ஆண்டுப் பதவி; அதில் ஐந்து சட்டத்துக்கு, ஒன்று கெளுத்தி மீனுக்கு என்பேன் நான். ஊர் ஊராகப் போய், சர்ச் மைதானத்தில் எண்ணெய்ச் சட்டியைச் சுற்றி நின்று, காகிதத் தட்டில் பொரித்த மீனை வாங்கித் தின்று, முன்பின் தெரியாத குழந்தைகளைத் தூக்கிக் கொஞ்ச வேண்டும். கறுப்பர்களின் சர்ச்சில் கைதட்டிப் பாட வேண்டும், வெள்ளையர்களின் சர்ச்சில் தலை குனிந்து நிற்க வேண்டும். ஆர்லன் இதிலெல்லாம் கைதேர்ந்தவர். பஞ்சு ஆலைக்காரரின் மகன், மாவட்ட அரசு வக்கீலாக ஆரம்பித்தவர். முதல் தேர்தலில் ஒரு வேட்டை நாயோடு டிவியில் வந்து, "இது மோப்பம் பிடிக்கும், நான் உள்ளே தள்ளுவேன்" என்றார். நாய் அவருடைய மைத்துனருடையது. நாய் முடி பட்டாலே ஆர்லனுக்கு உடம்பெல்லாம் தடித்துவிடும். படம் எடுத்து முடிந்ததும் நேரே டாக்டரிடம்தான் ஓடினார். ஆனால் ஜெயித்தார். இரண்டாம் முறையும் ஜெயித்தார். நான் சொல்லப்போவது மூன்றாம் தேர்தலை. அதிலும் ஜெயித்துவிட்டால் அடுத்த வசந்தத்தில் அவர் தலைமை நீதிபதி. அப்போதிருந்தவர் ஓய்வு பெறப் போகிறார், பதவியில் அடுத்த மூத்தவர் ஆர்லன்தான்.

என் பெயர் ஐடெல்லா கிரெய்ன். அதே நீதிமன்றத்தில் அவரோடு உட்கார்ந்தவள். அந்த ஆண்டு எனக்குத் தேர்தல் இல்லை. அதனால் நான் சரியான பக்கம் ஓட்டுப் போட்டேன் என்று யாரும் என்னை மெச்ச வேண்டாம்.

நாங்கள் ஏழு பேர். நான்கு பேர் சேர்ந்தால் தீர்ப்பு. எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது, எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லாத வழக்கம். அதைக் 'குடை' என்போம். மரண தண்டனைக் கைதி ஒருவனுக்கு மறுவிசாரணை கொடுக்க நான்கு பேர் தயாராக இருந்தால், அந்த ஆண்டு தேர்தலில் நிற்கிற ஐந்தாம் நீதிபதி துணிந்து எதிர்த்து ஓட்டுப் போடலாம். கைதிக்கும் நஷ்டமில்லை, நீதிபதிக்கும் ஊரில் கெட்ட பெயரில்லை. மழை நிற்கும்வரை கொஞ்சம் ஒதுங்கிக்கொள்கிறார், அவ்வளவுதான். நான்கு பேர் தேறாவிட்டால் குடை கிடையாது, நனைந்தே ஆக வேண்டும். இதைப் பெரிய சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

அந்த ஆண்டு லான்ஸல் பீட்டின் மனு வந்தது. டயர் கடையில் வேலை பார்த்த கறுப்பு இளைஞன். பெட்ரோல் பங்க்கில் கல்லாவில் இருந்த பெண்ணைச் சுட்டுக் கொன்றதாகத் தண்டனை. உள்ளே போனபோது மீசை அரும்பிய வயது, இப்போது தலை நரைத்துவிட்டது. அவனுக்கு எதிராக ஒரே சாட்சி ஒரு திருடன். 'லாக்கப்பில் என் பக்கத்தில் படுத்துக்கொண்டு, நான்தான் சுட்டேன் என்று அழுதான்' என்று கூண்டில் ஏறிச் சொன்னவன். அந்தத் திருடன் அந்த வாரம் லாக்கப்பிலேயே இல்லை. பக்கத்து மாவட்ட ஆஸ்பத்திரியில், தாடை உடைந்து, வாயைக் கம்பி போட்டுக் கட்டிக் கிடந்தான். அரசு வக்கீலுக்கு அது அப்போதே தெரியும், தெரிந்தே மறைத்திருக்கிறார். எங்களில் இரண்டு பேர், இயேசுவே கைதியாக வந்து நின்றாலும் தண்டனையை உறுதி செய்கிறவர்கள். அவர்களை விடுங்கள். தலைமை நீதிபதி, கிழவர் ஹாஸ்கெல், நான், ஆர்லன், வெய்ன் ஸ்டாக்ஸ்டில் ஆகிய மற்ற ஐந்து பேரும் பீட் நிரபராதி என்றுதான் நம்பினோம்.

ஐந்து பேரில் நான்கு பேர் போதும். அதாவது குடை ஒன்று இருந்தது. கேட்டவர்கள் இரண்டு பேர்.

ஸ்டாக்ஸ்டிலும் அந்த ஆண்டு தேர்தலில் நின்றார். அவருடைய அப்பா கோழி ஆலையில் கழுத்தறுக்கும் வரிசையில் நின்று சம்பாதித்தவர். மகன் மாலை நேரக் கல்லூரியில் சட்டம் படித்து மேலே வந்தார். வயதில் ஆர்லனைவிட மிகவும் இளையவர், ஆர்லன் அவரைத் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார். அந்தச் சொல் அவருக்குள் எங்கே போய்க் குத்திக்கொண்டிருந்தது என்று எங்களில் யாரும் யோசிக்கவில்லை.

தேர்தலுக்கு முந்தைய வாரம் ஆலோசனை அறையில் கூடினோம். எங்கள் ஏழு பேரைத் தவிர அங்கே யாரும் வரக் கூடாது. தேர்தல் முடியட்டும், பிறகு எடுக்கலாம் என்று தலைமை நீதிபதி சொல்லிப் பார்த்தார். எங்களுக்கு அவர் 'சீஃப்'. தண்டனைப் பிரியர்கள் இருவரும் ஒத்துக்கொள்ளவில்லை. தள்ளிப்போட்டால் பத்திரிகைக்காரர்களிடம் சொல்லிவிடுவோம் என்றார்கள். ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம்.

"தம்பி, இந்தத் தடவை குடையை எனக்கு விட்டுடு," என்றார் ஆர்லன். "எதிர்த்து நிக்கறவன் டிவியில என்னைக் கிழிகிழின்னு கிழிக்கறான்."

"உங்களை டிவியிலதான் கிழிக்கறான். என்னை என் சர்ச்சுக்குள்ளயே வந்து கிழிக்கறான்," என்றார் ஸ்டாக்ஸ்டில். "நீங்க முன்னாடி இருக்கீங்க ஜட்ஜ். நான் பின்னாடி கிடக்கேன்."

"முன்னாடி இருக்கறவனுக்குத்தான்டா விழற பயம் ஜாஸ்தி."

சீஃப் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "ஒரு மனுஷன் உயிர் கிடக்கு இங்க. கார்ல முன் சீட்டுக்கு அடிச்சுக்கற பிள்ளைங்க மாதிரி அடிச்சுக்கறீங்க."

"யாருக்கு நிலைமை மோசமோ அவருக்குத்தான குடை. எப்பவும் அப்படித்தான," என்றேன் நான்.

ஆர்லன் என்னை ஒரு முறை முறைத்துவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்குத்தான் ஜனங்கள் ஓட்டுப் போட்டார்கள். "சரி, எடுத்துக்கடா தம்பி. நான் நனையறேன்," என்று கை நீட்டினார். ஸ்டாக்ஸ்டில் எழுந்து நின்று அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான்குக்கு மூன்று, மறுவிசாரணை. வெள்ளிக்கிழமை காலை ஒரு வரி உத்தரவாக வெளிவரும்.

வெள்ளிக்கிழமைக்குள் இரண்டு காரியம் நடந்தது. ஆலோசனை அறையில் நடந்ததை யாரோ வெளியே கசியவிட்டார்கள். யார் என்று உங்களுக்கே தெரியும். செத்துப்போன பெண்ணின் தங்கை அதே பெட்ரோல் பங்க்கில் நின்று, "டீக் ஐயா, எங்க அக்கா உங்களுக்கு என்ன பாவம் செஞ்சா?" என்று கேட்பது வீட்டுக்கு வீடு டிவியில் ஓடியது. ஆர்லனுக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்தது, ஸ்டாக்ஸ்டிலை எதிர்த்து நின்றவர் ஏரியில் குடித்துவிட்டு மோட்டார் படகு ஓட்டி, மீன் பிடித்துக்கொண்டிருந்த பாப்டிஸ்ட் பாதிரியாரின் படகில் மோதினார். பாதிரியார் பிழைத்தார், வேட்பாளரின் தேர்தல் பிழைக்கவில்லை. மறுநாளே போட்டியிலிருந்து விலகிவிட்டார். ஸ்டாக்ஸ்டிலுக்கு இப்போது எதிரியே கிடையாது. பல மாதமாகத் தூக்கமில்லாதவர், மான் வேட்டைக்கென்று காட்டுக்குள் போய் மரக்குடிலில் நிம்மதியாகப் படுத்துவிட்டார். அங்கே டெலிபோன் இல்லை.

ஆர்லன் கணக்குப் போட்டார். எதிரி இல்லாதவனுக்குக் குடை எதற்கு? ஸ்டாக்ஸ்டில் நல்லவன், தானாகவே ஓட்டை மாற்றிவிடுவான். அப்படியானால் குடை நமக்கு. உத்தரவு வெளியாகும்வரை எங்களில் யாரும் குமாஸ்தாவிடம் ஒரு சீட்டுக் கொடுத்து ஓட்டை மாற்றலாம். வியாழன் மாலை ஆர்லன் சீட்டைக் கொடுத்தார். ஸ்டாக்ஸ்டிலிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, சீஃபிடமும் சொல்லவில்லை. கேட்டால் மறுத்துவிடுவார்கள் என்ற பயம். வெள்ளிக்கிழமை குமாஸ்தா எண்ணிப் பார்த்து, எழுத வேண்டியதை எழுதி, கதவில் ஒட்டினார். நான்குக்கு மூன்று, மனு நிராகரிக்கப்பட்டது. சீஃபே அதைக் கதவில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்.

நான் ஆர்லனின் அறைக்குப் போனபோது அவர் முகம் வெளுத்திருந்தது.

"அவன் மாத்தலையே ஐடெல்லா. ஏன் மாத்தலை?"

"காட்டுல மானுக்குக் காத்துக்கிட்டிருக்கான். அவனுக்கு எதுவுமே தெரியாது. நீங்க யாரைக் கேட்டுச் சீட்டைக் குடுத்தீங்க?"

"ஒண்ணும் குடி முழுகிடலை. எதிர்த்து ஓட்டுப் போட்ட நாலு பேர்ல ஒருத்தன் கேட்டா மறுபடி எடுக்கலாம். செவ்வாய்க்கிழமை ஓட்டு முடியட்டும், நானே கேக்கறேன்."

அது உண்மை. எங்கள் விதிப்படி மறுபரிசீலனை கேட்கிற உரிமை தோற்ற பக்கத்துக்குக் கிடையாது, ஜெயித்த பக்கத்துக்குத்தான். அதாவது சீஃபோ ஹாஸ்கெலோ நானோ தலைகீழாக நின்றாலும் முடியாது. ஆர்லன் கேட்கலாம், ஸ்டாக்ஸ்டில் கேட்கலாம். இருவரில் ஒருவர் ஒரே ஒரு வரி எழுதினால் பீட் பிழைப்பான். கிறிஸ்துமஸ் வரை அவகாசம் இருந்தது.

செவ்வாய்க்கிழமை ஆர்லன் ஜெயித்தார். அந்த வெள்ளிக்கிழமைதான் ஜெயிக்க வைத்தது என்று பத்திரிகைகள் எழுதின. அதைப் படித்தபின், 'நானே கேக்கறேன்' என்ற பேச்சையே அவர் எடுக்கவில்லை. பீட்டின் அம்மா எர்லீன்கூட அவருக்குத்தான் ஓட்டுப் போட்டிருக்கிறாள். அவளுடைய சர்ச்சில் வந்து கைதட்டிப் பாடியவராம், முகத்தில் இரக்கம் தெரிந்ததாம். இதை அவளே நீதிமன்றப் படிக்கட்டில் நின்று என்னிடம் சொன்னாள். நான் உள்ளே போய்விட்டேன்.

ஸ்டாக்ஸ்டில் காட்டிலிருந்து திரும்பினார். அவரைப் பன்றிக்கறி சுடுகிற கடைக்கு இழுத்துக்கொண்டு போய் எதிரில் உட்கார்த்தினேன். தட்டைத் தொடவில்லை அவர்.

"ஒரு வார்த்தை ஐடெல்லாம்மா. 'வெய்ன், நிலைமை இப்படி ஆயிடுச்சு, குடையைத் திருப்பிக் குடுய்யா'ன்னு ஒரே வார்த்தை. குடுத்திருப்பேன். வேலைக்காரன் கையில இருக்கற சாமானைப் பிடுங்கற மாதிரி பிடுங்கிக்கிட்டாரு."

"நீ இருந்த இடத்துல போன் இல்லையே."

"ஷெரிஃப் கிட்டச் சொன்னா ஒரு ஆளை அனுப்ப மாட்டாரா? அவர் மைத்துனர் நாய் தொலைஞ்சா அனுப்புவாங்கல்ல?"

"சரிப்பா, தப்பு அவர் மேலதான். பீட்டு என்ன தப்புப் பண்ணான்? நீ ஒரு வரி எழுதிடு, முடிஞ்சுது."

"எழுதினா? உறுதியா நின்ன சிங்கம் அவரு, கொலைகாரனைக் காப்பாத்தினவன் நானு. அடுத்த தேர்தல்ல செத்தவளோட தங்கச்சி வந்து என் பேரைச் சொல்லி அழும். வாக்குத் தவறினது அவரு, சுமக்கறது நானா? அவர் எழுதட்டும். இல்லையா, என் ரூமுக்கு வரட்டும். வந்து, 'வெய்ன், நான் பண்ணது தப்பு'ன்னு சொல்லட்டும். தம்பின்னு இல்ல, வெய்ன்னு. அந்த நிமிஷமே எழுதறேன்."

அதை அப்படியே ஆர்லனிடம் கொண்டுபோனேன். என் வயதில், என் பதவியில், இரண்டு ஆண்பிள்ளைகளுக்கு நடுவே தூது போகிற பிழைப்பு. ஆர்லன் முதலில் சிரித்தார். அப்புறம் கழுத்து சிவந்தது.

"அவன் ரூமுக்கு நானா? வசந்தத்துல நான் சீஃப். இன்னைக்கு அவன் கிட்ட மண்டியிட்டா நாளைக்கு இவங்களை எப்படிக் கட்டி மேய்ப்பேன்? அவனுக்கு எதிரியே இல்லாமப் போச்சு, உக்காந்த இடத்துல ஜெயிச்சான். எழுத வேண்டியவன் அவன்தான்."

"ஆர்லன், பீட் நிரபராதின்னு நம்பறீங்களா, இல்லையா?"

"நம்பறேனே. அதனாலதான் சொல்றேன், நீ கவலைப்படாத. கடைசியில ஸ்டாக்ஸ்டில் எழுதிடுவான். அவ்வளவு கல்நெஞ்சன் இல்ல அவன்."

நான் திரும்பிப் போனேன். ஸ்டாக்ஸ்டிலும் அதையே சொன்னார்: ஆர்லன் வீம்பு பிடிக்கிறார், ஆனால் கடைசியில் எழுதிவிடுவார், உள்ளுக்குள் ஈரம் உள்ளவர். ஒருவர் நல்ல மனதை இன்னொருவர் அவ்வளவு நம்பினார். சீஃப் கெஞ்சினார், ஹாஸ்கெல் திட்டினார். நான் கதவை அறைந்து சாத்திவிட்டு வந்ததும் உண்டு. நவம்பரின் நன்றித் திருநாள் போயிற்று, கிறிஸ்துமஸும் போயிற்று. நடைபாதையில் இருவரும் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நடப்பார், இன்னொருவர் தரையைப் பார்த்துக்கொண்டு. அவகாசம் முடிந்தது. இருவரும் எழுதவில்லை. ஆளுநர் ஜனவரியில் தேதி குறித்தார்.

இன்னும் ஒரு வாய்ப்பு மிச்சமிருந்தது. தண்டனை நாளன்று கைதியின் வக்கீல் கடைசியாக ஒரு மனுப் போடலாம், தண்டனையை நிறுத்திவைக்கச் சொல்லி. அதற்கு யாரும் கேட்க வேண்டியதில்லை, ஏழு பேரும் ஓட்டுப் போட்டே ஆக வேண்டும். அன்று பனிக்கட்டி மழை பெய்து சாலையெல்லாம் கண்ணாடியாகக் கிடந்தது. அவரவர் வீட்டிலிருந்தபடியே டெலிபோனில் கூடினோம். குமாஸ்தா ஏழு வீட்டையும் ஒரே இணைப்பில் சேர்த்தார். சாயங்காலம், வெளியே இன்னும் கொஞ்சம் வெளிச்சம் இருந்தது. சமையலறையில் நின்றுகொண்டே பேசினேன், உட்கார முடியவில்லை.

எங்களில் பதவியில் இளையவர் முதலில் ஓட்டுச் சொல்ல வேண்டும், சீஃப் கடைசியில். தண்டனைப் பிரியர்கள் இருவரும் ஒரே மூச்சில் மறுத்தார்கள். அடுத்தது ஸ்டாக்ஸ்டில்.

"நான் மறுக்கிறேன்," என்றார். "எனக்கு அப்புறம் பெரியவங்க இருக்காங்க. அவங்க பார்த்துக்கட்டும்."

நான் நிறுத்திவைக்கலாம் என்றேன். ஹாஸ்கெல் நிறுத்திவைக்கலாம் என்றார். சீஃப் என்ன சொல்வார் என்று எல்லோருக்கும் தெரியும். நான்காவது ஓட்டு ஆர்லனுடையது. ஆறு ஆண்டுக்கு அவருக்குத் தேர்தல் கிடையாது. நாற்காலி உறுதி, அதற்கு மேலுள்ள நாற்காலியும் உறுதி. அந்த நேரத்தில் அந்த மனிதர் பயப்பட வேண்டிய ஆள் உலகத்தில் ஒருவர்கூட இல்லை.

"என்னை மாட்டிவிடப் பாக்கறியாடா தம்பி?" என்றார் ஆர்லன்.

"ஓட்டைச் சொல்லுங்க ஆர்லன்," என்றார் சீஃப்.

"இவன் வேணும்னே என் தலையில கட்டறான். நாளைக்குப் பேப்பர்ல என் பேர் மட்டும் வரணும், அதுக்குத்தான."

"ஆர்லன், பீட்டை நெனச்சுப் பாருங்க," என்றேன் நான்.

"மறுக்கிறேன்."

சீஃப் தன் ஓட்டைச் சொன்னார். நான்குக்கு மூன்று, மனு தள்ளுபடி என்றார். குமாஸ்தாவிடம் சிறையை இணைக்கச் சொன்னார். இணைத்துவிட்டேன் ஐயா என்று குமாஸ்தா சொன்னது எங்களுக்குக் கேட்டது, ஆனால் அந்த இருவருக்கும் கேட்கவில்லை. அதற்குள் ஆரம்பித்துவிட்டார்கள்.

"இப்ப திருப்தியா உனக்கு?" என்றார் ஆர்லன். "ஒரு மனுஷனைக் கொன்னாச்சு."

"யாரு? நானா கொன்னேன்? கையைக் குலுக்கினது யாரு, சீட்டு எழுதினது யாரு?"

"எதிரியில்லாம ஜெயிச்ச பயலுக்குப் பேச்சைப் பாரு."

"என்னைப் பயலேங்காதீங்க. கோழி வெட்டினவர் மகன்னுதான ஒரு போன் பண்ணக்கூட மனசு வரலை. சொல்லுங்க, எல்லாரும் கேக்கட்டும்."

"உங்கப்பன் வெட்டின கோழிக்காவது நீ இரக்கப்பட்டியா?"

ஹாஸ்கெல் வாயை மூடுங்கள் என்று கத்தினார். நானும் கத்தினேன். பல மாதமாக அடக்கி வைத்திருந்ததையெல்லாம் அன்றுதான் கொட்டினார்கள், வருடக்கணக்கான பழைய கணக்கை எடுத்தார்கள், யார் எந்த விருந்தில் யாரை எந்த மேசையில் உட்கார வைத்தார் என்பது உட்பட. எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது.

அப்போது நடுவில் ஒரு குரல் வந்தது. மிகவும் மரியாதையான, கிராமத்துக் குரல். சிறைக் கண்காணிப்பாளர்.

"ஐயா, குறுக்க பேசறதுக்கு மன்னிக்கணும். இங்க பீட்டைக் கட்டில்ல படுக்க வெச்சு, விஷ ஊசி போட எல்லாம் தயாரா இருக்கு. நீங்க பேசிக்கிட்டிருக்கீங்களேன்னுதான் காத்துக்கிட்டிருக்கேன். ஏன் லேட்டாகுதுன்னு அவன் கேட்டான். ஜட்ஜுங்க உனக்காக இன்னும் வாதாடிக்கிட்டிருக்காங்கப்பான்னு சொன்னேன்." கொஞ்சம் தயங்கினார். "சிரிக்கிறான் ஐயா. நல்ல சேதியான்னு கேக்கச் சொல்றான்."

ஆர்லன் நிறுத்தினார், ஸ்டாக்ஸ்டிலும் நிறுத்தினார். பதில் சொல்ல வேண்டியவர் சீஃப். அவர் தொண்டையைச் செருமினார், மறுபடி செருமினார்.

"ஐயா, லைன்ல இருக்கீங்களா?" என்றார் கண்காணிப்பாளர்.

"இருக்கோம்," என்றேன் நான். "இல்லைன்னு சொல்லிடுங்க."